இறைமையும் பொறுப்பும்

தேசிய அரசு இன்று தேய்ந்துவருகின்றது என்பது அரசறிவியலார் பலரின் கருத்தாகும். பன்னாட்டுக் கம்பனிகளும் நிதி நிறுவனங்களும் அரசுகளின் தீர்மானங்களை வரையறுக்கின்றன என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின், இந்நிலை புதியதன்று. மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவின் கோட்டையே இதற்குச் சான்றாகும்.

போர்த்துக்கேயர் 1628இல் அமைத்த அக்கோட்டை 1638 மே மாதத்தில் ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது. அம்மாதமே கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் மட்டக்களப்பில் அவர்களுடன் உடன்படிக்கை செய்தான். எதிர்த்தரப்பில் நின்றதோ ஓர் அரசனல்லன். போர் தொடுக்கவும் உடன்படிக்கை செய்யவும் உரிமை பெற்றிருந்த வணிகக் கம்பனி. கைப்பற்றப்படும் கோட்டைகளில் மன்னன் விரும்பினாலன்றிக் கம்பனிப் படை தங்கலாகாது என்னும் பொருள் போர்த்துக்கேய மொழிப் படியில் இருந்தது. ஒல்லாந்தப் படியில் இருக்கவில்லை. 1640இல் காலிக் கோட்டை வீழ்ந்தபோது, போர்ச் செலவு தீர்க்கப்படவில்லை எனக் காட்டிக் கம்பனி அதனைத் தன்வசமே வைத்துக்கொண்டது. கடன், வாளினும் வலிய கருவியாயிற்று. இறைமையுடைய அரசுகளின் ஒழுங்குக்குத் தோற்றுவாயெனப்படும் வெஸ்ட்பாலிய உடன்படிக்கை 1648இலேயே ஏற்பட்டது என்பதும் ஈண்டு நோக்கற்பாலது.

2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. 2023 மார்ச்சில் சருவதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் உதவிக்கு இசைந்தது. வரிச் சீர்திருத்தம் அதன் நிபந்தனைகளுள் ஒன்றாயிற்று. நிதியத்தைப் பழைய கம்பனியோடு சமப்படுத்துதல் பொருந்தாது. அது அரசுகளே கூடி அமைத்த நிறுவனம். எனினும், அதன் தலையாய முடிவுகள் சிலவற்றுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். ஐக்கிய அமெரிக்கா ஒன்றே 16 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளை உடையது. வாவியில் வலைவீசி வாழும் மீனவனுக்கு அங்கு நேரடிக் குரல் இல்லை.

அங்ஙனமாயின், அரசின் அதிகாரத்தை மீட்டலே அறமாகுமா? ஆகாது. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் கிழக்கு மண் பட்ட துயர், இறைமையுடைய அரசொன்று இருப்பதனாலேயே மக்கள் காக்கப்படுவதில்லை என்பதை உணர்த்தும். கம்பனியாயினும் நிதியமாயினும் அரசாயினும், தன் செயலால் பாதிக்கப்படுவோர்க்கு விடையிறுக்கக் கடமைப்படாத அதிகாரம் அறத்தின் வழிப்பட்டதன்று. எனவே, அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதினும், அதனை எவர் தட்டிக்கேட்க இயலும் என்பதே முதன்மையான வினாவாகும். தேசிய அரசைக் குடிமகன் தேர்தலிலும் நீதிமன்றிலும் ஓரளவேனும் வினவலாம். அவ்வாய்ப்பே அரசின் பெறுமதி. அதனை இழந்த இறைமை வெறும் பெயரே.