திறந்திருக்கும் ஆலயம்

எல்லோருக்கும் தந்தை ஒருவரே என்று பல மதங்கள் போதிக்கின்றன. ஆனால் அத்தந்தையின் இல்லத்தில் எல்லோருக்கும் சமமாக இடம் கிடைக்கிறதா?

அடிமையாகப் பிறந்த பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர் அமெரிக்கக் கறுப்பினப் போதகர் ஹோவர்ட் தர்மன். சிறிது காலம் சபைப் பணி ஆற்றியபின் கல்விப் பணியை ஏற்று, ஹோவர்ட் பல்கலைக்கழக வழிபாட்டுக்கூடத்தின் தலைவரானார்.

1935-இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். 'உம் முன்னோரை அடிமைப்படுத்தியவர்களின் மதத்திற்கு நீர் பிரதிநிதியா?' என்ற கருத்தில் கொழும்பில் வழக்கறிஞர் ஒருவர் வினவினார். இயேசுவின் நெறி வேறு, அவர் பெயரால் நடந்த கொடுமை வேறு என்று தர்மன் விளக்கினார். 1936-இல் பர்தோலியில் காந்தியடிகளைச் சந்தித்து அகிம்சை குறித்து உரையாடினார்.

வினாவுக்குச் சொல்லால் விடையளிப்பது எளிது. வாழ்க்கையால் விடையளிப்பது அரிது. நாற்பதைக் கடந்த வயதில், 1944-இல், பல்கலைக்கழக ஊதியத்தை விடுத்து அவர் சான்பிரான்சிஸ்கோவில் மீண்டும் சபைப் பணி ஏற்றார். வெள்ளையரான ஆல்பிரட் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, எல்லா இனத்தவரும் ஒருங்கே வழிபடும் தேவாலயத்தை நிறுவினார். பெரும்பாலான அமெரிக்க ஆலயங்களில் கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனியே வழிபட்ட காலம் அது.

அத்தகைய ஆலயம் மக்களை ஈர்ப்பதில் வியப்பென்ன? அங்கே எவரும் அந்நியராக நிற்க வேண்டியதில்லை. ஆனால் பிறருக்குக் கதவு திறக்க வேண்டுமானால், யாரேனும் ஒருவர் தமது வசதியான இருக்கையிலிருந்து எழுந்தாக வேண்டும்.

எல்லா உயிரிலும் ஒரே ஆன்மாவைக் காண்பதே வேதாந்தம். நமது சத்சங்கத்தில் புதியவர் ஒருவர் வாயிலில் தயங்கி நின்றால், எழுந்து சென்று அவரை அருகில் அமர்த்துவோம். அதுவும் ஆராதனையே.