மாமன் கட்டும் பள்ளிக் கட்டணம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் காசிமேட்டில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்பிடித் தடைக்காலம். அரசு குடும்பத்துக்குத் தரும் 8,000 ரூபாய் நிவாரணம் அரிசி பருப்புக்கே சரியாகிவிடும். பள்ளிக்கூடம் கட்டணம் கேட்பதும் அதே ஜூனில்தான். அப்போது கைகொடுக்கிறவர், எண்ணூரிலோ மணலியிலோ கம்பெனி வேலையில் இருக்கும் தாய்மாமன். மாதச் சம்பளக்காரர், வரிப்பிடித்தம் உள்ளவர்.

ஜனவரியில் கம்பெனி வரிச்சலுகைக்கான ரசீதுகளைக் கேட்கிறது. அக்கா மகனுக்குக் கட்டிய 30,000 ரூபாய் ரசீது அவர் கையில் இருக்கிறது. 20 சதவீத வரி கட்டுபவருக்கு, செஸ்ஸும் சேர்த்து, 6,240 ரூபாய் மிச்சம். ரசீதில் பையன் பெயர் மட்டும்தான். படிவத்தில் ‘மகன்’ என்று எழுதலாமா?

அவர் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. பணம் அவர் உழைத்தது. பையனின் அப்பாவுக்கு வரி கட்டுமளவு வருமானம் இல்லை. ஆகவே ஒரே ரசீதை இருவர் காட்டவும் போவதில்லை. சட்டமோ, பழைய வரிமுறையில்கூட, கல்விக் கட்டணச் சலுகையைச் சொந்தப் பிள்ளைகள் இருவரோடு நிறுத்திக்கொண்டது. கல்விக்கடன் வட்டிக்கான சலுகையில் சட்டப்படியான காப்பாளருக்கு இடமுண்டு. ஆனால் அப்பா அம்மா உயிரோடு இருக்கும்போது மாமன் கோர்ட்டுக்குப் போய்க் காப்பாளர் ஆவது நடக்கிற காரியமா? இதே சட்டம், மாமன் மருமகனுக்கு எவ்வளவு பெரிய தொகையை அன்பளிப்பாகத் தந்தாலும் ‘உறவினர்’ தந்தது என்று ஏற்று, வாங்கியவரிடம் வரி கேட்பதில்லை. சொத்துள்ளவர் கொடுத்தால் உறவு. சம்பளக்காரர் படிக்கவைத்தால் உறவில்லை. இது அநியாயம். அமெரிக்காவில், ஆண்டில் பாதிக்கு மேல் தன் வீட்டில் வளரும் உடன்பிறந்தார் பிள்ளையை, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், சார்ந்திருப்பவராகக் காட்டலாம்.

அப்படியும் ‘மகன்’ என்று எழுதக்கூடாது. பிடிபட்டால் ஏய்த்த வரியைப்போல் இருமடங்கு அபராதம் என்பது சின்னக் காரணம். கடலில் உயிரைப் பணயம் வைத்துப் பிள்ளையை வளர்க்கும் ஒரு தகப்பன், 6,240 ரூபாய்க்காகக் காகிதத்தில் இல்லாமல் போகிறான். பக்கத்து மெஷினில் நிற்பவரும் தங்கை மகளைப் படிக்கவைக்கிறார். பொய் எழுத மனமில்லாமல் முழு வரியைக் கட்டுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? எல்லாவற்றையும்விட, மாமன்கள் அத்தனை பேரும் ‘மகன்’ என்றே எழுதிக்கொண்டிருந்தால், மாமன்கள்தான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார்கள் என்பது அரசின் எந்தக் கணக்கிலும் ஏறாது. திருத்தம் கேட்பவருக்கும் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

பட்ஜெட்டுக்கு முன்னால் நிதியமைச்சகம் தொழிற்சங்கங்களை அழைத்துப் பேசுகிறது. கட்டணத்தைத் தானே கட்டும், பெற்றோரின் உடன்பிறந்தாருக்கும் இந்தச் சலுகை வேண்டும் என்று வடசென்னைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கங்களை அங்கே கேட்கவைக்க வேண்டும்.