பனி காத்த அமானிதம்

வேப்பூரில் வெள்ளிதோறும் கூடும் ஆட்டுச் சந்தையில் ஒருவர் பணமுடிப்பைக் கண்டெடுத்தால், ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் அறிவிப்பதே முறை. உடையவர் பையின் நிறத்தையும் முடிச்சையும் கூறிப் பெற்றுச் செல்வார். ஆனால் தவறவிட்டவர் மவுத்தாகி அரை நூற்றாண்டு கடந்திருந்தால் அப்பொருள் யாருடையது?

1966 ஜனவரி 24இல் ஏர் இந்தியாவின் ‘கஞ்சன்ஜங்கா’ விமானம் ஐரோப்பாவின் மோன் பிளான் மலையில் மோதியது. அறிஞர் ஹோமி பாபா உள்ளிட்ட 117 பேரும் மாண்டனர். சிதறியவற்றைப் பனி மூடிற்று. ஆண்டுதோறும் பெய்யும் பனி இறுகிக் கட்டியாகி, தன் கனத்தாலேயே சரிவில் மெல்ல ஊர்ந்து இறங்குவதே பனியாறு. உச்சியில் அது விழுங்கியதைப் பல பத்தாண்டுகள் கழித்து, கீழே உருகுமிடத்தில் வெளியே தள்ளுகிறது. 2012இல் இந்திய அரசின் தூதரகத் தபால் பை ஒன்று அப்படி வெளிவந்தது. மறு ஆண்டு மலையேறும் இளைஞர் ஒருவர் ஓர் உலோகப் பெட்டியைக் கண்டார். உள்ளே மரகதமும் மாணிக்கமும் நீலமும். பொட்டலங்களில் இந்தியாவில் செய்யப்பட்டவை என்ற எழுத்து. ஆளரவமற்ற பனிமேடு; சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் கேட்பாரில்லை. அவரோ நேரே காவல் துறையிடம் ஒப்படைத்தார்.

2021இல் அக்கற்களை அவருக்கும் ஷாமோனி நகராட்சிக்கும் பாதி பாதியாகப் பகிர்ந்தனர். ஒரு பாதியின் மதிப்பே ஏறத்தாழ 1,50,000 யூரோ.

புதையலைப் பகிர்வது போன்ற ஏற்பாடு இது. நம் ஃபிக்ஹு நூல்களின்படி இது புதையலாகிய ‘ரிகாஸ்’ ஆகாது. ரிகாஸ் என்பது அறியாமைக் காலத்தார் புதைத்தது. ஐந்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் மிச்சம் கண்டெடுத்தவனுக்கே. இதுவோ பயணிகள் பட்டியல் உள்ள விமானத்தில் வந்ததாகக் கருதப்படும் பொருள். ஆதலால் ‘லுகதா’. பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் அடையாளம் வைத்து ஓராண்டு அறிவிக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பர் ஷாஃபிஈ மத்ஹபினர். வறியவனாயின் தானே பயன்படுத்தலாம், செல்வனாயின் தர்மம் செய்யவேண்டும் என்பர் ஹனஃபிகள். உடையவர் வந்து கேட்டால் ஈடு செய்யும் பொறுப்பு மட்டும் இரு சாராரிடமும் உண்டு.

ஓராண்டு என்பது தேடலுக்கு எல்லை; உரிமைக்கு எல்லையன்று. உடையவர் மவுத்தானால் பொருள் அநாதையாகிவிடாது, வாரிசுகளுடையதாகிறது. அந்நாட்டார் எட்டாண்டு பொறுத்தது நன்று. பங்கு பிரித்ததும் கணக்குத் தீர்ந்தது என்பதைத்தான் என்னால் ஒப்ப முடியவில்லை.

இதைச் சொல்லும்போதே நா கூசுகிறது. நம் குடும்பங்களில் தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் சகோதரியின் பங்கு நாற்பது ஆண்டுகளாகக் கொடுபடாமல் கிடக்கிறது. கேட்டால், “அது பழைய கதை” என்கிறோம். அவளைத் தேடி ஓராண்டு அறிவிக்கவும் வேண்டியதில்லை. அடுத்த தெருவில்தான் இருக்கிறாள்.