கடிகாரம் தந்த வெற்றி

சதுரங்கத்தில் அரசனை இழந்து தோற்பதுண்டு; காலத்தை இழந்து தோற்பதும் உண்டு. முன்னதைப்பற்றி எவரும் வழக்காடுவதில்லை. பின்னதைப்பற்றி, அதிலும் கணிப்பொறி வழியே ஆடும் இந்நாளில், பஞ்சசீலம் ஏற்ற நாம் சிறிது ஆராய வேண்டியிருக்கிறது.

எட்டு வரிசைப் பலகையாட்டத்தைப் பிரமஜால சூத்திரம் விலக்குகிறதே என அன்பர் சிலர் கேட்கலாம். அது துறவியர் ஒழுக்கம் கூறுமிடம். இல்லறத்தார் பிள்ளைகள் ஆடட்டும்.

2020 ஆகஸ்டில், கொள்ளைநோய்க் காலத்தில், உலகச் சதுரங்க சம்மேளனம் இணையவழி ஒலிம்பியாடு நடத்தியது. ஒருவருக்கு 15 நிமிடம். நகர்த்துந்தோறும் 5 வினாடி கூடும். 28ஆம் நாள் காலிறுதியில் ஆர்மீனியாவின் மார்த்திரோசியான், நமது நிஹால் சரினுடன் ஆடுகையில் இணைப்பு அறுந்து, காலம் கடந்து தோற்றார். ஆர்மீனியா முறையிட்டது, முறையீடு தள்ளப்பட்டது. இரண்டாம் சுற்றை ஆட மறுத்து அவ்வணி விலகிற்று, இந்தியா முன்னேறிற்று. 30ஆம் நாள் ரஷ்யாவுடன் இறுதிப் போட்டி. அன்று இணைய வலைப்பின்னலில் உலகளாவிய கோளாறு. அதே நிஹாலும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பிழந்து, காலத்தால் தோற்றனர். இந்தியா முறையிட்டது. சம்மேளனத் தலைவர் துவோர்க்கோவிச் இரு நாடுகளுக்கும் தங்கப்பதக்கம் அளித்தார்.

இரண்டாஞ் சீலம் கொடாததை எடாமை. எண்ணியெண்ணிக் காலத்தை வீணாக்கியவன் ஆட்டத்தைத் தானே எதிரிக்குக் கொடுத்துவிட்டான். அதைக் கொள்வதில் குற்றமில்லை. இணைப்பு அறுந்தவனோ ஒன்றும் கொடுக்கவில்லை. அவனிடமிருந்து வந்த புள்ளியை விதி கொடுத்தது என்னலாம். எதிராளி கொடுத்தான் என்னலாமோ? விதியையும் நாம் பழிக்கவில்லை. இணைப்பு தானே அறுந்ததா, தோற்கும் நிலையில் ஒருவன் கையால் அறுத்தானா என்பதைத் தொலைவிலுள்ள நடுவர் எங்ஙனம் காண்பார்? சேதனையே கர்மம் என்றார் பகவன். சேதனையைக் கடிகாரம் அளப்பதில்லை. ஆயினும் சதுரங்க விதியிலேயே ஓரிடத்தில் இந்த நேர்மை ஒளிர்கிறது: ஒருவன் காலம் தீர்ந்தாலும், எதிராளியின் காய்களால் எவ்வகையிலும் அரசனை வீழ்த்த இயலாதெனில், ஆட்டம் சமனாகுமேயன்றி வெற்றியாகாது.

இரு நாள் இடைவெளியில் நம் நாட்டு அணி இருபுறமும் நின்றது. ஒன்று தனியொருவரின் இணைப்பு, மற்றொன்று உலகக் கோளாறு என்னும் வேற்றுமை மெய்யே. ஆனால் திரை அணைந்து, தன் காலம் ஓடுவதை அறிந்தும் விரலசைக்க இயலாமல் இருப்பவனுக்கு அவ்வேற்றுமை எவ்வளவு? பதினாறு வயதுப் பிள்ளையைக் குறை கூறோம். பெரியோர் நாம் 30ஆம் நாள் கேட்ட நியாயத்தை 28ஆம் நாளே கேட்டிருக்கலாம். தங்கத்தைக் கொண்டாடியபோதும் ஆர்மீனியரை நினைத்தவர் நம்மில் சிலரே.

இங்கே பெங்களூரில் ஒரு மழைக்கு மின்சாரமும் இணைப்பும் ஒருங்கே போகின்றன. வீட்டிலிருந்து ஆடும் நம் பிள்ளைகள் இரு நிலையிலும் அகப்படுவர். இணைப்பிழந்த தோழனிடம் “மறுபடி ஆடலாம்” என்று சொல்லப் பழக்குவோம். போட்டி விதி இடங்கொடாவிடில், நடுவரிடம் சமன் கேட்கட்டும். அவர் மறுத்துப் புள்ளியை இவன் பெயரிலேயே எழுதினாலும், கேட்டது கேட்டதே.