நான்கு எண்ணும் நேரத்தில் தேர்வு

ஆராய நேரமில்லாத வேளையில் ஒருவர் செய்வதை அவரே தேர்ந்து செய்த செயலாகக் கொள்ளலாமா என்னும் அறவியல் வினாவை, அமெரிக்கத் தரைப்படையின் பாராசூட் வீரர்களுக்குக் கற்பிக்கப்படும் அவசரகால நடைமுறைகள் மிகக் கூர்மையாக்குகின்றன. குதிக்கும் வீரரின் முதன்மைக் குடையை விமானத்துடன் பிணைக்கப்பட்ட கயிறே இழுத்து விரிக்கிறது. முன்பு டி-10 வகைக் குடை பயன்பட்டபோது வீரர்கள் நான்கு வரை உரக்க எண்ணினர்; அதற்குப்பின் வந்த டி-11 குடையோடு குதிப்பவர் ஆறு வரை எண்ணுகிறார். எண்ணி முடித்தும் குடை விரியும் இழுப்பு உணரப்படாவிட்டால், மார்பின் முன்புறம் கட்டியுள்ள மாற்றுக்குடையை அக்கணமே இயக்கிவிட வேண்டும்.

அரிஸ்டாட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் பகுதியில், ஆராய்ந்து விரும்பி மேற்கொள்வதையே ‘தேர்வு’ என வரையறுத்து, திடீர்ச் செயல்கள் நம் விருப்பால் நிகழ்பவையே ஆயினும் தேர்ந்தவை அல்ல என்கிறார். ஆயினும் அதே பகுதியில், எதிர்பாராத ஆபத்தில் கலங்காதிருப்பதே மேலான துணிவு என்றும், அது முன்னேற்பாட்டிலிருந்து அன்றி, பழக்கத்தால் உள்ளத்தில் ஊன்றிய பண்பிலிருந்து பிறக்கிறது என்றும் கூறுகிறார். இவ்விரண்டும் முரண்படுவதாகத் தோன்றலாம். ஆனால் ஆராய்ச்சி தரையிலேயே நிகழ்ந்து முடிந்து, அதன் முடிவு கையின் பழக்கமாகியிருக்கும்போது, வானில் நிகழ்வது பழைய தேர்வின் நிறைவேற்றமே என்று கொள்வதுதான் பொருந்தும். எண்ணும் விதியே இதற்குச் சான்று: குடை விரியத் தேவையான நேரத்தை அச்சம் குறைத்துவிடாதபடியும், நம்பிக்கை நீட்டித்துவிடாதபடியும் அது காக்கிறது.

பழக்கம் மட்டுமே துணிவாகிவிடாது என்பதும் உண்மையே. அனுபவத்தால் துணிந்தவராகத் தோன்றும் தொழில்முறைப் படைவீரர், ஆபத்து மிகும்போது முதலில் ஓடக்கூடும் என்று அரிஸ்டாட்டிலே எச்சரிக்கிறார். ஆனால் இந்நடைமுறைகள் வீரரைப் பொறியாக்குவதில்லை. குடையின் கயிறுகள் முறுக்கிக்கொண்டால், தாம் இறங்கும் வேகத்தைச் சுற்றியுள்ளோரின் வேகத்தோடு அவர் ஒப்பிட வேண்டும்; அவர்களைவிட விரைவாக விழுந்தால் மாற்றுக்குடையை இயக்க வேண்டும், இல்லையேல் தலைக்குப் பின்னுள்ள தாங்குபட்டைகளை விலக்கிப் பிடித்துக் கால்களை உதைத்து முறுக்கை அவிழ்க்க வேண்டும். எந்த விதியும் இந்த ஒப்பீட்டை அவருக்காகச் செய்து தராது.

இதனினும் ஆழமானது, கீழே இருப்பவருக்கே வழியுரிமை என்னும் விதி. கீழிருப்பவருக்குத் தம் குடையே மேல்வானை மறைத்துவிடுவதால், காண இயலும் மேலுள்ளவர் விலகியாக வேண்டும். விலகாது நேர் மேலே வந்தால், கீழ்க்குடை கலைத்த காற்றில் அவருடைய குடையே சுருங்கிவிடக்கூடும். பொறுப்பு பதவியைச் சார்ந்ததன்று, காணும் ஆற்றலைச் சார்ந்தது என்னும் அறக்கொள்கை இங்கே உயிர்காக்கும் நடைமுறையாகிறது. அதனால்தான் பலமுறை குதித்துத் தேர்ந்த அதிகாரியும், நேற்றுச் சேர்ந்த சிப்பாயோடு நின்று, குதிப்புக்கு முன் இந்நடைமுறைகளை மீண்டும் ஒத்திகை பார்க்கிறார்.