மாடும் நோயாளிதானா?

மருத்துவமனைக் கணினிகள் தகவல் பரிமாறிக்கொள்ள எச்.எல்.7 அமைப்பு வகுத்த எஃப்.எச்.ஐ.ஆர். தரத்தில் மனிதருக்கும் விலங்குக்கும் ஒரே பதிவுதான்: 'நோயாளி'. "மனுசனையும் மாட்டையும் ஒண்ணா வைக்கிறதா?" என்று சிலர் கேட்கலாம். பொறியியல் மாணவனான எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

நம் நாட்டில் 1998-99இல் நடந்ததை நினைச்சுப் பாருங்க. பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு வந்த காய்ச்சலை, கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். அதே பண்ணைகளில் பன்றிகளும் இருமிச் செத்துக்கொண்டிருந்தன. பிறகுதான் அது புதிய வைரஸ் என்று தெரிந்தது. சுங்கை நீப்பா கிராமத்தின் பெயரால் 'நீப்பா' ஆனது. 105 பேர் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. இரண்டு பதிவுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இப்படிப்பட்ட தொடர்பைக் கண்டுபிடிப்பது எளிது.

ஆனா, நமக்கு நோய் வந்துடுமே என்பதற்காக மட்டும் பதிந்தால், விலங்கு நமக்கு எச்சரிக்கை மணிதான், நோயாளி இல்லை. அதற்கும் வலிக்கும் என்பதால் பதிவதே அறம். இதனால் மனிதன் தாழ்ந்துபோவதில்லை. இனம் எது என்று தனியே குறிக்க வழி இருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்கு மாலை போடுகிற நாம், நாளை நிரல் எழுதும்போது அந்தக் கட்டத்தைத் தேவையில்லை என்று விட்டுவிடக் கூடாது.