பார்க்கிற உரிமையும் தொடுகிற உரிமையும்

ஏழை ஆசைப்படலாமா? அதிலும் சேரியில் பிறந்தவன், தன்னால் ஒருநாளும் வாங்கமுடியாது என்று தெரிந்த ஒரு பொருளைக் காசு செலவழித்துப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? இந்தக் கேள்வியை என்னிடம் இரண்டுபேர் வெவ்வேறு காலத்தில் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் எங்கள் ஊர் குடித்தெருக்காரர். "சோத்துக்கே வழியில்ல, காரு கேக்குதோ" என்றார். இன்னொருவர் நல்ல தோழர், கூலிக்காரர்களுக்காக ஜெயிலுக்குப் போனவர். "இது நுகர்வு மோகம் தோழர், உங்கப்பாவை முதலாளித்துவம் ஏமாத்தியிருக்கு" என்றார். முன்னவர் இளக்காரமாகக் கேட்டார். பின்னவர் அக்கறையோடு கேட்டார். ஆனால் இரண்டு பேச்சும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: நீ ஆசைப்படாதே.

விஷயம் இதுதான். எங்கப்பா லாரி டிரைவர். அரியலூர்ப் பக்கம் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். அதை சிமெண்ட் பேக்டரிக்கு ஏற்றிப்போகும் லாரியில் கிளீனராகச் சேர்ந்து டிரைவர் ஆனவர். தா.பழூரை ஒட்டின காலனியில் எங்கள் வீடு. நான் எட்டாவது படிக்கும்போது, 1986-ல், என்னை மெட்ராஸ் தீவுத்திடல் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போனார். அப்புறமும் இரண்டு தடவை போனோம். ஜெயங்கொண்டம் வழியாக அரியலூருக்கு பஸ், அங்கிருந்து ராத்திரி ரயில், எழும்பூரில் இறங்கி நடை. பொருட்காட்சிக்கு வருகிறவர்கள் ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் ஓடுவார்கள். எங்கப்பா நேராகக் கார் நிறுத்தி வைத்திருக்கும் இடத்துக்குப் போய்விடுவார்.

மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். வந்தபோது விலை ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி. அப்பாவுக்கு மாசச் சம்பளம் அறுநூறு. அந்த முதல் விலைக்கே கணக்குப் போட்டாலும், குடும்பமே ஏழு வருஷம் சோறு தண்ணியில்லாமல் இருந்தால் ஒரு கார் வாங்கலாம். அப்பாவுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? தெரியும். அவர்தான் எனக்கு அதைப் போட்டுக் காட்டினார். அதனால் ஏமாந்தார் என்று சொல்வது சரியில்லை. ஏமாந்தவன் கணக்குப் பார்க்கமாட்டான்.

அப்படியானால் எதற்குப் போனார்? அவர் காரைப் பார்த்த விதத்தைச் சொன்னால் புரியும். பெயிண்டையும் பளபளப்பையும் அவர் பார்க்கமாட்டார். குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பார். பானெட்டைத் திறந்து காட்டச் சொல்வார். எத்தனை சி.சி., லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று டை கட்டின பையனை வரிசையாகக் கேட்பார். வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு கார் 1985-ல் வந்தது. ரோவர் காருடைய உடம்பு, எஞ்சின் மட்டும் பழைய வேன்கார்டு காலத்து வழி. அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சட்ட புதுசு தம்பி, உசுரு பழசு" என்றார். மூன்று நான்கு வருஷத்தில் அந்தக் கார் நின்றுபோனது.

நம்மை ஊரில் எப்போதும் மற்றவன்தான் பார்க்கிறான், மதிப்புப் போடுகிறான். எவன் மகன், எந்தத் தெரு, கால்ல செருப்பு இருக்கா, சட்டை வெளுத்திருக்கா என்று எடைபோடுகிறான். பொருட்காட்சியில் அந்த ஒருநாள் எங்கப்பா பார்க்கிறவராக இருந்தார், மதிப்புப் போடுகிறவராக இருந்தார். அதற்குத்தான் அவர் ரயில் செலவு செய்தார் என்று நான் நினைக்கிறேன். அந்தச் செலவை வீண் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அறிவும் சொல்லவில்லை.

அங்கே டை கட்டின பையன் அப்பாவை "சார்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கப்பாவை யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வெளியே வந்ததும் அதைச் சொன்னேன். "அவன் எனக்கா சார் போட்டான்? என் சட்டப்பைக்குப் போட்டான்" என்றார். கொஞ்சதூரம் நடந்துவிட்டு, "ஆனா நம்ம ஊருல பையில காசு இருந்தாலும் போடமாட்டான்" என்றார்.

இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில்தான் என் கேள்வி இருக்கிறது. காசைப் பார்த்து வருகிற மரியாதை பொய் மரியாதை. ஊரில் அந்தப் பொய்கூட நமக்கு இல்லை. அப்போது எது மேல்? சந்தை வந்தால் சாதி போய்விடும், தலித்துகள் முதலாளியானால் போதும் என்று இன்று நம்மில் சிலர் பேசுகிறார்கள். 2005-ல் தலித் தொழில்முனைவோருக்கென்று தனி வர்த்தக சபையே தொடங்கப்பட்டது. அவர்களைக் கேலி செய்வதற்கில்லை. ஆனால் வரலாறு அவர்களிடம் ஒரு பதில் கேட்கிறது.

1893-ல் அய்யன்காளி காசு கொடுத்து வில்லுவண்டி வாங்கினார். வெள்ளை உடுத்தி, வெங்ஙானூர்ப் பக்கம் பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். வண்டி அவருடையதுதான், ஆனால் சாலை அவருடையது இல்லை என்றார்கள். எதிர்த்து நின்றுதான் சாலையைப் பெற்றார். 1929-ல் பாபாசாகேப் அம்பேத்கர் சாலிஸ்கான் போனபோது அவர் வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கினவர், பாரிஸ்டர். குதிரைவண்டிக்காரன் அவரை ஏற்றி ஓட்டமாட்டேன் என்றான். வண்டியை வாடகைக்குக் கொடுத்தார்கள். ஓட்ட மட்டும் ஆள் இல்லை. நம் ஆட்களில் பழக்கமில்லாத ஒருவர் ஓட்டி, வண்டி கவிழ்ந்து, அம்பேத்கருக்குக் கால் எலும்பு முறிந்தது. வண்டியோட்டிப் பிழைக்கிறவன்கூட பாரிஸ்டரைவிடத் தன்னை மேலாக நினைக்கமுடிகிறது. காசால் வண்டி கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை.

எங்கப்பா இதை வேறுவிதமாக அனுபவித்தவர். லாரி முதலாளி வீட்டுக் கல்யாணம் காட்சி என்றால் அவர்தான் அம்பாசிடர் ஓட்டவேண்டும். முன்சீட்டில் அவர், பின்சீட்டில் ஆண்டை குடும்பம். ஒரே காற்றை மூச்சுவிட்டுக்கொண்டு கும்பகோணம் வரைக்கும் போவார்கள். அப்போது மதனத்தூர் பாலம் கிடையாது, அணைக்கரை சுற்றித்தான் போகவேண்டும். அவ்வளவு நேரத்துக்குத் தீட்டு கிடையாது. இறங்கினதும் தனி டம்ளர். காரை விட்டு இறங்கினால் பழைய தூரம் திரும்ப வந்துவிடும்.

ஆங்கிலப் பத்திரிகைகள் தேர்த் திருவிழாவைக் ‘கார் ஃபெஸ்டிவல்’ என்றுதான் எழுதுகின்றன. அந்தக் காரை என்ன சொல்வது? சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர்வடத்தைத் தொட்டு இழுக்க உரிமை கேட்டதற்காக 1998 முதல் எத்தனை வழக்கு, எத்தனை தடை! தேர் ஓடாமலே நின்ற வருஷங்கள் உண்டு. தலித் கை படுவதைவிடத் தேர் ஓடாமலே கிடக்கட்டும் என்று நினைக்கிற மனசு அது. 2024 ஜூனில், பல வருஷ இடைவெளிக்குப் பிறகு, பலத்த போலீஸ் காவலோடு அங்கே தேர் ஓடியது. ஒரு கயிற்றைத் தொடுவதற்கு இவ்வளவு ஏற்பாடு.

பொருட்காட்சியிலும் ‘தொடாதீர்கள்’ என்று அட்டை வைத்திருந்தார்கள். நான் அதைப் படித்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்பா சிரித்தார். "இங்க எல்லாருக்கும்தான்டா தொடக்கூடாது" என்றார். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றால் அது அவமானம் இல்லை, வெறும் ஒழுங்கு. ஒருத்தனுக்கு மட்டும் என்றால்தான் அது தீண்டாமை. அந்த வித்தியாசத்தை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அந்தப் பேச்சுதான்.

அங்கே நாங்கள் உள்ளே போனது கம்பெனிக்காரனின் பெருந்தன்மையால் இல்லை. டிக்கெட் காசால் மட்டும் என்றும் சொல்லமுடியாது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் 15-வது பிரிவில் கடை, ஓட்டல், பொதுக் கேளிக்கை இடம், கிணறு, குளம், சாலை எதிலும் சாதியைச் சொல்லித் தடுக்கக்கூடாது என்கிறது. 17-வது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. அதற்கும் முன்னால் அய்யன்காளி போன்றவர்கள் அடிபட்டுத் திறந்த சாலை அது. டிக்கெட் கிழிக்கிறவன் சாதி கேட்காததற்குப் பின்னால் இத்தனை பேருடைய ரத்தம் இருக்கிறது. சந்தை அதைத் தன் தயவு என்று சொல்லிக்கொள்ளக்கூடாது.

இன்று எங்கள் காலனியிலும் கார் இருக்கிறது. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் கடனில் வாங்கி மெட்ராசில் வாடகைக்கு ஓட்டுகிறான். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது குடித்தெரு முனை வந்ததும் பாட்டைக் குறைக்கிறான், வேகத்தைக் குறைக்கிறான். யாரும் சொல்லவில்லை. அவனாகவே குறைக்கிறான். கேட்டால், "எதுக்கு மாமா வம்பு" என்கிறான். கடன் தவணையைக் கட்டி முடித்தாலும் இந்தப் பயம் கட்டி முடியாது போலிருக்கிறது.

ஆகவே குடித்தெருக்காரருக்கும் தோழருக்கும் என் பதில் இதுதான். எங்கள் ஆசையை விட்டுவிடச் சொல்லாதீர்கள். வேண்டியதைக்கூட வேண்டும் என்று சொல்லக்கூடாது என்றுதான் ஆயிரம் வருஷம் எங்களைப் பழக்கினார்கள். ஆசைப்படுகிறவன்தான் கணக்குக் கேட்பான். சந்தை ‘சார்’ போட்டால் சாதி செத்துவிட்டது என்றும் எங்களிடம் சொல்லாதீர்கள். அந்த மரியாதை கைமாற்று மாதிரி, பை காலியானால் திரும்ப வாங்கிக்கொள்வான். பையைப் பார்க்காத மரியாதைக்குப் பேர்தான் உரிமை. அது கடையில் விற்கிற சரக்கு இல்லை.

நம் பிள்ளைகளைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போங்கள். பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், கேள்வி கேட்கப் பழக்குங்கள். அதே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர்த்தெரு வழியாகவும் போங்கள், பாட்டைக் குறைக்காமல்.